ஸ்கூட்டர் பேட்டரி அடிக்கடி இறங்குகிறதா? சார்ஜ் ஏறும் முறையை வீட்டிலேயே மேம்படுத்தலாம்

விடிவதற்குள் பூக்கூடையுடன் நிலக்கோட்டைச் சந்தைக்குப் புறப்படுகிறவர்கள், பால் கேனுடன் கூட்டுறவுச் சங்கத்துக்குச் செல்கிறவர்கள், நடுநிசியில் மோட்டார் போடக் கிணற்றடிக்குப் போகிறவர்கள் எனப் பலரும் இன்று ஸ்கூட்டரையே நம்பியிருக்கிறார்கள். பகலில் வண்டி நின்றுபோனால் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் இருட்டில், வாய்க்கால் கரையில் போகும்போது முகப்பு விளக்கு மங்கினால் கை காலுக்கு மோசம். பாம்பும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியாது.

விளக்கு மங்குகிறது, ஹாரன் கம்முகிறது, செல்ஃப் எடுக்கவில்லை என்றால் உடனே புதிய பேட்டரி வாங்கிப் போடுவதே வழக்கமாக இருக்கிறது. நானும் ஒரே மழைக்காலத்தில் இரண்டு பேட்டரி மாற்றியிருக்கிறேன். இரண்டாவதும் படுத்த பிறகுதான் குறை பேட்டரியில் இல்லை, அதற்கு மின்சாரம் வந்து சேரும் வழியில் இருக்கிறது என்பது புரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் வராதபோது தொட்டியை மாற்றி என்ன பயன்?

மின்சாரம் எப்படி வருகிறது?

என்ஜினுடன் சுழலும் மேக்னெட் சக்கரத்தின் உள்ளே செம்புக் கம்பி சுற்றிய காயில்கள் உள்ளன. இவை பொருத்தப்பட்ட பாகத்துக்கு ஸ்டேட்டர் என்று பெயர். காந்தம் சுற்றும்போது காயிலில் மாறு மின்சாரம், அதாவது ஏ.சி. உண்டாகிறது. பேட்டரி ஏற்பது நேர் மின்சாரமாகிய டி.சி. மட்டுமே. ஒன்றை மற்றொன்றாக மாற்றி, அளவு மீறாமல் காப்பது ரெகுலேட்டரின் வேலை. மெக்கானிக்குகள் இதை 'ஆர்.ஆர். யூனிட்' என்பார்கள்.

கார்புரேட்டர் உள்ள, கியர் இல்லாத பல ஸ்கூட்டர்களில் ஏ.சி. அலையின் ஒரு பாதி மட்டுமே பேட்டரிக்குப் போகிறது. மறு பாதி முகப்பு விளக்குக்கு. இது கமலை இறைப்பதைப் போன்றது. மாடு முன்னே போகும்போதுதான் நம் வயலுக்குத் தண்ணீர் ஏறும். பின்னே வரும்போது ஏறாது. பகலில் விளக்கை அணைத்திருக்கும்போது, விளக்குக்கு உரிய அந்தப் பாதி வீணாகிறது. விளக்கு நேராகக் காயிலிலிருந்து எரிவதால், என்ஜின் வேகம் குறையும் போதெல்லாம் மங்குகிறது. மேடு பள்ளமான வரப்புப் பாதையில் மெதுவாகப் போகும்போதுதான் வெளிச்சம் அதிகம் தேவை. அப்போதுதான் அது குறைகிறது.

குறுகிய ஓட்டமும் ஒரு காரணம். செல்ஃப் மோட்டார் 50 ஆம்பியர் வீதம் மூன்று விநாடி இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரை ஆம்பியர் வீதம் சார்ஜ் ஏறினால், அந்தச் செலவை ஈடுகட்டவே ஐந்து நிமிடம் ஓட வேண்டும். வீட்டிலிருந்து வயல், வயலிலிருந்து கடை, கடையிலிருந்து வீடு என்று இரண்டு இரண்டு கிலோ மீட்டராக ஓட்டி, ஒவ்வொரு முறையும் செல்ஃப் போட்டால் பேட்டரி எப்படி நிமிரும்?

முதலில் அளந்து பாருங்கள்

எதையும் பிரிப்பதற்கு முன் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பம்புசெட் வைத்திருப்பவர் வீட்டில் அது எப்போதும் பயன்படும்.

இரவு முழுவதும் நிறுத்திய வண்டியில், சாவி போடாமல், பேட்டரியின் இரு முனையிலும் அளக்க வேண்டும். 12.6 வோல்டும் அதற்கு மேலும் இருந்தால் பேட்டரி நிறைவாக உள்ளது. 12.4 என்றால் கால் பங்கு குறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் அநேகமாகக் காலி. அத்தகைய பேட்டரியை முதலில் வெளியே கழற்றி, அதன் ஆம்பியர் மணியில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் சார்ஜ் செய்ய வேண்டும். 4 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 0.4 ஆம்பியர் போதும். லாரி பேட்டரிக்கு வைக்கும் சார்ஜரில் மாட்டிச் சூடேற்றிக் கெடுத்துவிட வேண்டாம். முழுதாகச் சார்ஜ் ஏற்றி வைத்தும் மறுநாள் தானாக இறங்கிவிட்டால், பேட்டரியே போய்விட்டது என்று பொருள்.

அடுத்து என்ஜினை ஓடவிட்டு, நடுத்தர வேகத்துக்கு முறுக்கி மீண்டும் அளக்கவும். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது. 13-ஐத் தாண்டவில்லை என்றால் குறை உண்டு. 15-க்கு மேல் போனால் ரெகுலேட்டர் பழுது. அது பேட்டரியையும் பல்பையும் தீய்த்துவிடும்.

காசு செலவில்லாத பழுதுகள்

13-ஐத் தாண்டாத வண்டிகள் பலவற்றில் குற்றவாளி களிம்பே. யூரியாவும் பொட்டாஷும் ஏற்றும் வண்டியில் உரத் தூசி ஈரத்தோடு சேர்ந்து, கம்பி இணைப்புகளில் பச்சை படியும். பேட்டரி முனைகளையும், ரெகுலேட்டர் சாக்கெட்டையும், எர்த் கம்பி சட்டத்தில் சேரும் இடத்தையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி இறுக்கவும். எர்த் சேரும் இடத்தில் பெயிண்ட் இருக்கக் கூடாது. பிறகு மேலே வாசலின் தடவி வைத்தால் மீண்டும் களிம்பு பிடிக்காது. மாட்டுக் கொட்டகையில் நிறுத்தும் வண்டியாக இருந்தால் எலி கடித்த கம்பி உண்டா என்றும் பாருங்கள்.

இதைச் செய்த பிறகும் வோல்ட் ஏறாவிட்டால் காயிலையும் ரெகுலேட்டரையும் சோதிக்க வேண்டும். இரண்டும் நன்றாக இருந்து, விளக்கு மங்குவதும் பேட்டரி இறங்குவதும் தொடர்ந்தால், அப்போதுதான் அரை அலை முறையை முழு அலை முறையாக மாற்றுவது பற்றி நினைக்கலாம்.

எந்த வண்டிக்கு ஏற்றது?

மேலே சொன்ன கார்புரேட்டர் ஸ்கூட்டர்களுக்கே இது பொருந்தும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புகை விதிகளின்படி, எரிபொருளை ஊசி முறையில் செலுத்தும் வண்டிகள் வந்தன. அவற்றில் பலவற்றில் மூன்று பேஸ் காயிலும், கணினிக் கட்டுப்பாடும் உள்ளன. அவற்றில் கை வைக்கவே கூடாது. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியையும் தொட வேண்டாம்.

தேவையான பொருள்கள்: இரண்டு ஏ.சி. கம்பிகளை ஏற்கும் சிங்கிள் பேஸ் முழு அலை ரெகுலேட்டர் ஒன்று, 12 வோல்ட் ரிலே ஒன்று, பெட்டியுடன் 10 ஆம்பியர் ஃபியூஸ், ஒன்றரை சதுர மில்லி மீட்டர் பல புரிக் கம்பி, வெப்பம் தாங்கும் சிலீவ், ஈயம் பற்றவைக்கும் கருவி, மேக்னெட் கழற்றும் புல்லர். மூன்று மஞ்சள் கம்பி உள்ள ரெகுலேட்டர் மூன்று பேஸ் வகை. அது இதற்கு ஆகாது.

செய்யும் முறை

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையையும், பிறகு பாசிட்டிவ் முனையையும் கழற்றவும். திரும்ப மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியில் மாட்ட வேண்டும். அருகில் பீடி, சிகரெட், அடுப்பு கூடாது.

விசிறி மூடி, விசிறி, நட்டு ஆகியவற்றை வரிசையாகக் கழற்றி, மேக்னெட்டைப் புல்லர் போட்டே இழுக்க வேண்டும். சுத்தியால் தட்டினால் காந்தம் உடையும். தண்டில் உள்ள சிறிய சாவித் துண்டு தவறி விழாமல் எடுத்து வைக்கவும்.

ஸ்டேட்டரை வெளியே எடுத்தால், காயிலின் ஒரு முனை இரும்புச் சட்டத்தோடு ஈயம் வைத்துப் பற்றியிருப்பது தெரியும். அதுவே எர்த். அந்த முனையை மெதுவாக விடுவித்து, புதிய கம்பி ஒன்றை அதில் பற்றவைத்து, சிலீவ் போட்டு, வார்னிஷ் தடவி வெளியே கொண்டு வர வேண்டும். சுழலும் மேக்னெட்டில் உரசாதபடி நூலால் கட்டுவது அவசியம்.

இப்போது மீட்டரை வைத்துச் சோதிக்கவும். காயிலின் எந்த முனைக்கும் இரும்புக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. நான் முதலில் செய்தபோது ஓர் எர்த்தை விடுவித்தேன். பக்கத்தில் இருந்த இன்னொன்றைக் கவனிக்கவில்லை. வண்டி ஓடியது. ஆனால் ஒரு பாதி அலை ரெகுலேட்டருக்குள்ளேயே சுற்றி, அது கை வைக்க முடியாதபடி கொதித்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் மேக்னெட்டை மூட வேண்டாம்.

இக்னிஷனுக்கு உரிய சிறு காயிலைத் தொடக் கூடாது. அதன் எர்த் கம்பியும் அதே இடத்தில் சேர்ந்திருந்தால், அதை மட்டும் மீண்டும் இரும்பில் பற்றவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது.

பல வண்டிகளில் காயிலின் மறு முனை வெள்ளைக் கம்பி. நடுவிலிருந்து விளக்குக்குப் போவது மஞ்சள் கம்பி. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; எனவே மீட்டரால் உறுதி செய்துகொள்ள வேண்டும். வெள்ளையும், நாம் போட்ட புதுக் கம்பியும் புதிய ரெகுலேட்டரின் இரண்டு ஏ.சி. முனைகளுக்குப் போகும். இந்த இரண்டில் முன்பின் கிடையாது. ரெகுலேட்டரின் பாசிட்டிவ், ஃபியூஸ் வழியாகப் பேட்டரிக்கு; நெகட்டிவ், எர்த்துக்கு. ஸ்டேட்டரிலிருந்து வரும் மஞ்சள் கம்பியின் நுனியைத் தனியே மூடி, எதிலும் படாமல் கட்டிவிடவும். காயில் ஒரே சுற்றாக இல்லாமல் இரண்டு தனிச் சுற்றாக இருந்தால், மோட்டார் காயில் கட்டுபவரிடம் கொடுத்து இணைப்பதே நல்லது.

இனி முகப்பு விளக்கு. வண்டியின் உள்ளே விளக்குக்குப் போகும் மஞ்சள் கம்பிக்குப் பேட்டரியிலிருந்து ரிலே மூலம் மின்சாரம் கொடுக்க வேண்டும். ரிலேயில் 30 என்ற முனை ஃபியூஸ் வழியாகப் பேட்டரிக்கு, 87 மஞ்சள் கம்பிக்கு, 86 சாவி போட்டால் மின்சாரம் வரும் கம்பிக்கு, 85 எர்த்துக்கு. சில வண்டிகளில் தானியங்கி சோக்கும் இந்த மஞ்சள் கம்பியிலேயே இருக்கும். அவற்றில் சாவியைப் போட்டதும் என்ஜினைக் கிளப்பிவிட வேண்டும். சும்மா சாவி போட்டு வைத்தால் சோக் சூடேறி வேலையை நிறுத்திவிடும். குளிர்ந்த என்ஜின் கிளம்பச் சிரமப்படும்.

ரெகுலேட்டர் இயல்பாகவே சூடாகும் பொருள். காற்றுப் படும் இடத்தில், உலோகத்தோடு சேர்த்து இறுக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் சாக்குத் துணியோடு திணிக்கக் கூடாது. பேட்டரி இல்லாமல் வண்டியை ஓட்டுவதும் கூடாது.

வரவும் செலவும்

முழு அலை முறை புதிதாக மின்சாரத்தைப் படைப்பதில்லை. வீணாகப் போனதைச் சேர்க்கிறது, அவ்வளவே. 35 வாட் முகப்பு விளக்கு ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும். முன்பு இது காயிலின் செலவு. இப்போது பேட்டரியின் செலவு. என்ஜின் மெதுவாக ஓடும்போது காயில் அவ்வளவு கொடுக்காது. குறையைப் பேட்டரி தரும். ஆகவே விளக்கு மங்காது. ஆனால் சந்தை வாசலில் அரை மணி நேரம் விளக்குடன் என்ஜினை மெதுவாக ஓடவிட்டால் பேட்டரி இறங்கும்.

பின் விளக்கை எல்.இ.டி. ஆக்கினால் செலவு குறையும். இண்டிகேட்டர் பல்பை மாற்றினால் அதன் ஃபிளாஷரையும் மாற்ற வேண்டும். முகப்புக்கு எல்.இ.டி. போடுவதானால் அந்த விளக்குக் கிண்ணத்துக்குப் பொருந்துவதையே போட வேண்டும். பொருந்தாத பல்பின் ஒளி சிதறி, எதிரே மாட்டு வண்டி ஓட்டி வருபவரின் கண்ணைக் கூச வைக்கும்.

வேலை முடிந்ததும் விளக்கைப் போட்டு, நடுத்தர வேகத்தில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை நின்றால் வேலை சரி. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, இணைப்புகளில் எதுவும் சூடாகவோ, ரப்பர் தீய்ந்த வாடையோ உண்டா என்று பார்க்கவும். முதல் நாளே இரவுப் பயணம் வேண்டாம்.

மேக்னெட் கழற்றும் வேலையில் பழக்கம் இல்லாதவர்கள், அதை மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, மற்றதை வீட்டுத் திண்ணையில் செய்துகொள்ளலாம். பேட்டரி ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுப்பதோடு ஒப்பிட்டால் செலவு அதிகமில்லை. பழைய பேட்டரியைத் தோட்டத்தில் எறியாமல் கடையில் திருப்பிக் கொடுங்கள்; அதில் உள்ள ஈயமும் அமிலமும் மண்ணுக்கும் கிணற்றுக்கும் கேடு.

கிணற்றில் நீர்மட்டம் எவ்வளவு என்று நாம் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறோம். அதுபோல மாதம் ஒரு முறை பேட்டரியை அளந்து, ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். எண் இறங்கத் தொடங்கியதைப் பகலில் பார்த்துவிட்டால், இருட்டில் வாய்க்கால் கரையில் நிற்க வேண்டி வராது.