பழைய காசைத் தேய்க்காமல் படிப்பது எப்படி?

படிவம் இரண்டு மாணவி ஒருவர், பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருந்த மலாயா காலத்துச் சதுர ஒரு காசைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் 1943-ஆ, 1945-ஆ என்று தெரியவில்லை. "புளி போட்டுத் தேய்ச்சிடவா டீச்சர்?" என்றார்.

வேண்டவே வேண்டாம். அது வெண்கலக் காசு. புளியின் அமிலம் பழுப்பு நிறத்தோடு உலோகத்தையும் கொஞ்சம் அரித்துவிடும். பளபளப்பு வரும், ஆனால் சேகரிப்பாளரிடம் மதிப்பு போய்விடும். ஒரு டிஜிட்டல் கேமரா போதும்.

1. காசை விளிம்பில் பிடித்து, சாம்பல் நிறத் தாளில் வையுங்கள்.
2. பூ அடையாளம் உள்ள மேக்ரோ முறையைத் தேர்ந்தெடுங்கள். லென்ஸ் காசுக்கு நேர் மேலே இருக்கட்டும். சாய்ந்தால் சதுரம் கோணலாகிவிடும். ஸ்டாண்டு இல்லையென்றால் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வைக்கலாம்.
3. பிளாஷை அணையுங்கள். நேராக விழும் வெளிச்சத்தில் நிழல் இல்லாமல் எழுத்து மறைந்து போகும்.
4. மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வையுங்கள். தேய்ந்த கோட்டுக்கும் ஒரு நிழல் விழும். விளக்கைச் சுற்றி நகர்த்தி நான்கைந்து படம் எடுங்கள். கோலா தெர்லாவின் பனிமூட்ட வெளிச்சம் இதற்குப் போதாது.
5. 2 வினாடி டைமர் வையுங்கள். கை அசைவு படத்தில் வராது.

மூன்றாவது படத்தில் கடைசி எண்ணின் இடப்பக்கம் ஒரு நேர்க்கோடு இறங்கியது தெரிந்தது. 1945, போர் முடிந்த ஆண்டு!

வகுப்பில் இந்தப் படிகளைக் கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லலாம். அந்த மாணவிக்கு நான் கொடுத்த வீட்டுப்பாடம் வேறு: "இந்தக் காசை ஏன் பத்திரமா வச்சிருந்தீங்கன்னு பாட்டிகிட்ட கேட்டு எழுதிட்டு வாம்மா."