மாவுப்பூச்சியை அடக்கிய குளவி

2008-ம் ஆண்டு கோவைப் பகுதியில் பப்பாளி மரங்களில் புதுவகை மாவுப்பூச்சி ஒன்று தென்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அது மரவள்ளி, மல்பெரி, பருத்தி எனப் பல பயிர்களுக்கும் பரவிற்று. பெரும் இக்கட்டில் சிக்கியவர்கள் பட்டுப்புழு வளர்ப்போரே. மருந்து தெளிக்காவிட்டால் இலை இல்லை; தெளித்தாலோ, அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழு செத்துவிடும். மல்பெரித் தோட்டத்தையே அழித்தவர்களும் உண்டு.

இப்பூச்சி மருந்துக்கு எளிதில் கட்டுப்படாது. உடலின் மேலுள்ள மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடுவதில்லை. ஒரு பெண் பூச்சி 100 முதல் 600 முட்டைகள் வரை பஞ்சு போன்ற பைக்குள் இடும். தோட்டத்தில் தெளித்தாலும், வரப்பிலுள்ள பார்த்தீனியம், துத்திச் செடிகளில் இருந்து மீண்டும் வந்துவிடும்.

பூச்சிகளை இனம் பிரித்தறியும் அறிஞர்கள் இது மெக்சிகோ நாட்டுப் பூச்சி என்று கண்டனர். பெயரும் ஊரும் தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். சொந்த ஊரில் அதை அடக்கி வைக்கும் எதிரி எது என்று தேட வழி பிறந்ததே அதன் பயன். அத்தகைய ஒட்டுண்ணிக் குளவிகள் கரீபியன் தீவுகளில் ஏற்கெனவே நல்ல பலன் தந்திருந்தன. அமெரிக்க வேளாண் துறையின் உதவியுடன் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகள் பெங்களூரிலுள்ள தேசியப் பூச்சி ஆய்வு நிறுவனத்துக்கு வரவழைக்கப்பட்டன. நன்மை தரும் பூச்சிகளுக்குத் தீங்கில்லை என்று ஆய்ந்த பிறகே அவை வெளியே விடப்பட்டன.

இவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவியே சிறப்பாக வேலை செய்தது. எள்ளைவிடச் சிறிய இக்குளவி, மாவுப்பூச்சிக் குஞ்சின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே பொரிக்கும் புழு அதைத் தின்று வளரும். மாவுப்பூச்சி பழுப்பு நிறக் கூடாகிவிட, அதைத் துளைத்துக்கொண்டு புதிய குளவி வெளிவரும்.

ஆனால் குளவி கையில் இருந்தால் மட்டும் போதாது, லட்சக்கணக்கில் வேண்டும். குளவியை வளர்க்க மாவுப்பூச்சி வேண்டும். அதற்கு முளைவிட்ட உருளைக்கிழங்கு வேண்டும்! கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதன் ஆராய்ச்சி நிலையங்களும் இதைச் செய்தன. குளவி விட்ட தோட்டங்களில் சில மாதங்களிலேயே பூச்சி வெகுவாகக் குறைந்தது. மருந்தடிக்காமல் பொறுத்திருந்த விவசாயிகளுக்கும் இதில் பங்குண்டு.

மரவள்ளியில் 2020-ல் வேறொரு மாவுப்பூச்சி நுழைந்தது. அதற்கும் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவி தருவிக்கப்பட்டு, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது. மரவள்ளி பயிரிடுவோர் பூச்சி தாக்கிய தோட்டத்திலிருந்து விதைக்குச்சி எடுக்கக் கூடாது. வரப்புக் களைகளை அகற்ற வேண்டும். மாவுப்பூச்சிகளைச் செடிக்குச் செடி பரப்பும் எறும்புகளின் புற்றுகளையும் அழிக்க வேண்டும். பழுப்புக் கூடுகள் தென்பட்டால் குளவி வந்துவிட்டது என்று பொருள். அந்தத் தோட்டத்தில் பூச்சிமருந்து தெளித்தல் ஆகாது.