நடைவண்டிக்கு எந்த மரம்?

தச்சன் செய்து கொடுத்த சின்னஞ்சிறு குதிரைவண்டியில் ஏறி ஊர்ந்துபோக முடியாவிட்டாலும், அதைக் கையால் இழுத்தே பிள்ளைகள் மகிழ்வதைக் குறுந்தொகையின் 61-ஆம் பாடல் உவமையாகச் சொல்கிறது. பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்களும் ஆண்பால் பிள்ளைக்குச் சிறுதேர்ப் பருவம் என்று ஒன்றைத் தனியாக ஒதுக்கின. மரத்தில் விளையாட்டுச் சாமான் செய்து பரிசளிப்பது நமக்கு அவ்வளவு பழைய வழக்கம். அந்த வரிசையில் இன்றும் மிஞ்சி நிற்பவை நடைவண்டியும் மரப்பாச்சியும்தான்.

நீலசந்திராவில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தச்சுப் பட்டறை இருக்கிறது. ஆசாரி சேலம் பக்கத்துக்காரர். முன்பெல்லாம் தாய்மாமன்மார் நடைவண்டி கேட்டு வருவார்களாம். இப்போது வருகிறவர்கள் பெரும்பாலும் சமையலறை அலமாரிக்குத்தான் வருகிறார்கள். பிள்ளைக்குச் சக்கரம் வைத்த பிளாஸ்டிக் வாக்கரைக் கடையில் வாங்கிவிடுகிறார்கள். பிள்ளையை உள்ளே உட்கார வைத்து ஓடவிடும் அந்த வாக்கரை, படியில் உருண்டு அடிபடும் ஆபத்து கருதி, கனடா 2004-ஆம் ஆண்டே தடை செய்துவிட்டது. நின்றுகொண்டு தள்ளும் நம் நடைவண்டியோ பிள்ளையின் காலுக்குத்தான் வேலை கொடுக்கிறது. ஆகவே இதை வெறும் பழம்பெருமை என்று யாரும் ஒதுக்க வேண்டியதில்லை.

சரி, செய்யச் சொல்வது என்று முடிவெடுத்தால் ஆசாரி கேட்கும் முதல் கேள்வி, “என்ன மரம்?” என்பதுதான். அங்கேதான் நம்மவர் முழிக்கிறார்கள்.

‘ஹார்டுவுட்’ என்ற சொல்லைக் கேட்டுக் கல் மாதிரி இருக்கும் மரம் என்று நினைத்துவிடக் கூடாது. அகன்ற இலையுடைய மரங்கள் எல்லாமே தாவர இயலில் வன்மரம். பைன், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்கள் மென்மரம். விரலால் நசுக்கினால் பள்ளம் விழுகிற பால்சா மரமும் இந்தக் கணக்கில் வன்மரமே! எனவே பெயரைப் பார்க்காமல் வேலையைப் பார்த்துத்தான் மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெங்களூரில் இன்னொரு சங்கடம், மரப்பெயர்கள் கன்னடத்தில் இருப்பது. மைசூர் ரோடு டிம்பர் யார்டு லேஅவுட்டுக்குப் போய் ‘வேங்கை’ என்று கேட்டால் எல்லாக் கடையிலும் புரியாது; ‘ஹொன்னெ’ என்றால் உடனே காட்டுவார்கள். ஈட்டி அங்கே ‘பீட்டெ’, வேம்பு ‘பேவு’, கருமருது ‘மத்தி’. பலா ‘ஹலசு’ ஆகிவிடும். நம் பால் அவர்களுக்கு ஹாலு ஆனது போலத்தான் இதுவும். நம் பகரம் அங்கே ஹகரமாகிறது. இந்த ஒரு சூத்திரம் தெரிந்தால் பாதி மரம் தானே புரிந்துவிடும். சன்னபட்டணத்துப் பொம்மைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ‘ஹாலெ’ மரமும் (பேச்சில் ‘ஆலெ’) நம் ஊர் வெட்பாலையே. ஒடித்தால் பால் வடியும் மரம், பெயரிலும் பால்!

மைசூர் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் போனால் சன்னபட்டணம். அங்கே வேலை நடப்பதை ஒருமுறை குடும்பத்தோடு பார்த்துவிட்டு வாருங்கள். வெட்பாலை வெளுத்த நிறம், நெருங்கிய இழை. உளி பட்டால் சிராய் எழும்பாது. கடைசலில் சுழலும் கட்டையின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பரவுகிறது. பிறகு தாழை மடலை வைத்துத் தேய்க்க, கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. பிரஷ்ஷும் இல்லை, தின்னரும் இல்லை. வாயில் வைத்துக் கடிக்கும் வயதுப் பிள்ளைக்கு, தாவரச் சாயம் கலந்த அரக்குப் பூச்சை விட நல்லது ஒன்று எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் எல்லாக் கடையிலும் தாவரச் சாயம்தான் என்று நம்பிவிட வேண்டாம், கேட்டு வாங்குங்கள்.

வேங்கை அருமையான மரம். கனமும் உறுதியும் உண்டு. ஆனால் அதில் குடைந்த டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தால் நீர் பழுப்பாக மாறும். சர்க்கரை நோய்க்கு நல்லதென்று அந்த டம்ளரை வாங்குகிறவர்கள் பலர். அதே சாறு பிள்ளையின் எச்சிலிலும் இறங்கும். ஆகவே வேங்கையைச் சக்கரத்துக்கும் அச்சுக்கும் வைத்துக்கொண்டு, கைப்பிடிக்கு வேம்போ தேக்கோ போடச் சொல்வேன்.

சக்கரம் என்றதும் ஒரு எச்சரிக்கை. உருண்டைக் கட்டையைக் குறுக்கே அறுத்து வட்டம் எடுத்தால் வேலை சுலபம்தான். ஆனால் காயும்போது நடுவிலிருந்து விளிம்புவரை பிளக்கும். மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகச் சொற்பம். ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவதோ, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதிகம் அசையாத மரம் என்று பேர் வாங்கிய தேக்கே பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது ஒரு பக்கம் சுமார் 2.5 விழுக்காடும் மறுபக்கம் 6 விழுக்காட்டை ஒட்டியும் சுருங்குகிறது. அதனால் சக்கரத்தைப் பலகையிலிருந்துதான் வெட்ட வேண்டும். பலகையும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழற்காய்ச்சல் என்பது பழைய கணக்கு. பொருள் போய்ச் சேரும் ஊரையும் ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள். சென்னைக் காற்றில் மரம் உப்பும். வெளிநாட்டில் ஹீட்டர் ஓடும் வீட்டில் சுருங்கும்.

பூச்சுக்குத் தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ தடவுகிறவர்கள் உண்டு. அவை காயாமல் பிசுபிசுத்து, நாளானால் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகும். ஆனால் பெயிண்ட் கடையில் ‘பாயில்டு’ என்று விற்பதில் சீக்கிரம் காய உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். பிள்ளைச் சாமானுக்கு அது வேண்டாம்.

மரப்பாச்சியின் கதை வேறு. செம்மரம் நீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமானது. ஆந்திரத்தின் கடப்பை, சித்தூர் மலைகள்தாம் அதன் தாய்வீடு. கடத்தலால் அது பட்ட பாடு ஊரறிந்தது. கொலுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சிவப்புப் பொம்மை அநேகமாகச் சாயம் ஏற்றிய வேறு மரம். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துச் சிவப்பு வந்தால் போலி என்கிறார்கள். அது தவறு, அசல் செம்மரமும் ஸ்பிரிட்டில் சிவப்பைக் கக்கும். கனத்தைப் பாருங்கள். வீட்டில் பாட்டி வைத்திருந்த ஜோடி இருந்தால் அதையே பேத்திக்குக் கொடுங்கள், புதிது தேடி அலைய வேண்டாம்.

இப்போது மாலையாகவும் காப்பாகவும் பரிசளிக்கப்படும் கருங்காலியிலும் குழப்பம் உண்டு. நம் ஊரில் அந்தப் பெயர் ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மரங்களைக் குறிக்கிறது. ஒன்று காசுக்கட்டி எடுக்கும் முள்மரம், மற்றொன்று எபனி என்னும் கரிய மரம். விற்பவரிடம் எது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஐயம் வலுத்தால் மல்லேஸ்வரம் 18-ஆவது கிராஸில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தை அணுகலாம். மரத்துண்டின் இழையை ஆராய்ந்து இன்ன மரம் என்று சொல்லும் வசதி அங்கே இருக்கிறது.

கடைசியாக, வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு அனுப்புகிறவர்களுக்கு. ஈட்டி மரம் 2017 ஜனவரி முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது; சிறிய கைவினைப் பொருள்களுக்கு எடையை வைத்து விலக்கு உண்டு. கடைப் பட்டியலில் மரத்தின் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செம்மரத்தைப் பெட்டியில் வைக்கவே வேண்டாம். ஆஸ்திரேலியா போகிறவர்கள் எந்த மரச்சாமானையும் விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும். பட்டையோ புழுத்துளையோ இருந்தால் தடுத்து வைத்துவிடுவார்கள். வேம்பிலோ தேக்கிலோ செய்து, பட்டை நீக்கி, நன்றாக இழைத்த நடைவண்டியாக இருந்தால் கழற்றிக் கட்டி அனுப்பலாம். ஆணிக்குப் பதில் மர முளை வைத்துச் செய்யச் சொன்னால் அங்கே போய் மாட்டுவதும் சுலபம்.