தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? கெபாசிட்டரைக் கவனியுங்கள்

வேலை செய்துகொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. சில நேரம் நீலத் திரை காட்டி நின்றுவிடுகிறது. இரண்டு மூன்று முறை ஸ்விட்சைப் போட்ட பிறகுதான் பூட் ஆகிறது. இப்படி நடந்தால் வைரஸ் என்று எண்ணி விண்டோஸை மறுபடியும் இன்ஸ்டால் செய்வோம். பிறகு ராம் மாற்றுவோம். ஆனால் மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய கெபாசிட்டர்கூட இதற்குக் காரணமாக இருக்கலாம். பழைய கம்ப்யூட்டரை வாங்கிப் பயன்படுத்துபவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கெபாசிட்டர் என்ன செய்கிறது?

பென்டியம் 4 காலத்து மதர்போர்டில் பவர் சப்ளையிலிருந்து 12 வோல்ட் வருகிறது. பிராசசருக்குத் தேவையானதோ ஏறக்குறைய ஒன்றரை வோல்ட்தான். இதைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் சர்க்யூட், மின்சாரத்தை ஒரு வினாடிக்கு லட்சக்கணக்கான முறை விட்டு விட்டு அனுப்புகிறது. இந்தத் துள்ளலைச் சமன் செய்பவைதான் பிராசசரைச் சுற்றி வரிசையாக நிற்கும் உருளை வடிவக் கெபாசிட்டர்கள்.

அடையாறில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மோட்டார் அவ்வப்போதுதான் ஓடுகிறது. குழாயில் தண்ணீர் சீராக வருவது மொட்டைமாடித் தொட்டியால். அந்தத் தொட்டிதான் கெபாசிட்டர். தொட்டி பெரிதாக இருந்தும் இறங்கும் குழாயில் அடைப்பு இருந்தால் என்ன பயன்? கெபாசிட்டரின் உள்ளே இருக்கும் இப்படிப்பட்ட தடையை ஈ.எஸ்.ஆர். என்கிறார்கள். இது கூடிவிட்டால் பிராசசர் திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது வோல்டேஜ் சரிந்துவிடும். உடனே ரீஸ்டார்ட்தான்.

உலகம் முழுவதும் வந்த தொல்லை

2000களின் தொடக்கத்தில் தயாரான ஏராளமான மதர்போர்டுகளில் இந்தக் கோளாறு வந்தது. கெபாசிட்டருக்குள் இருக்கும் திரவத்தின் கலவை சரியில்லாததால் உள்ளே ஹைட்ரஜன் வாயு உண்டாகி, கெபாசிட்டர்கள் உப்பி வெடித்தன. டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை. அவற்றைச் சரிசெய்யும் செலவுக்காக 2005-ல் அந்த நிறுவனம் சுமார் 30 கோடி டாலரை ஒதுக்க வேண்டியதாயிற்று.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மின் இணைப்பை முழுவதும் எடுத்துவிட்டு, கேபினட்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல கெபாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். கெட்டது உப்பியிருக்கும், அல்லது தலையில் உள்ள கீறல் வழியே பழுப்பு நிறக் கசிவு தெரியும். உப்பாமலே கெட்டுப்போனவையும் உண்டு. சாதாரண மல்டிமீட்டர் இவற்றில் கொள்ளளவைச் சரியாகவே காட்டக்கூடும். ஈ.எஸ்.ஆர். மீட்டர் வைத்திருக்கும் சர்வீஸ் இன்ஜினியரிடம் காட்டுவது நல்லது.

மாற்றும்போது எதைக் கேட்பது?

ரிச்சி தெருவில் பார்த்தால் எல்லாக் கெபாசிட்டரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கீழ்க்கண்டவற்றைக் கவனித்து வாங்குங்கள்.

1. கொள்ளளவு: பழையதில் உள்ள மைக்ரோஃபாரட் அளவே இருக்கட்டும்.

2. வோல்ட்: பழையதில் 6.3 என்றிருந்தால் 6.3 அல்லது 10 வாங்கலாம். குறையக் கூடாது.

3. வெப்பம்: 85 டிகிரி வேண்டாம், 105 டிகிரி என்று அச்சிட்டதையே கேளுங்கள்.

4. ஈ.எஸ்.ஆர்.: பிராசசர் அருகே 'லோ ஈ.எஸ்.ஆர்.' வகைதான் போட வேண்டும். சாதாரண வகை விலை குறைவு. ஆனால் விரைவில் சூடாகிக் கெட்டுவிடும்.

5. பருமனும் முனையும்: பழையது இருந்த இடத்தில் புதியது அடங்க வேண்டும். கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரியதாகப் போட்டால் நல்லதுதானே?

பலர் கேட்கும் கேள்வி இது. எல்லா இடத்திலும் அப்படியில்லை. ரெகுலேட்டர் சர்க்யூட்டுக்குள் ஒரு 'ரெஃபரன்ஸ்' வோல்டேஜ் இருக்கும். அதுதான் அளவுகோல். வெளியே போகும் வோல்டேஜை அதனுடன் ஒப்பிட்டுத்தான் சர்க்யூட் கூட்டிக் குறைக்கிறது. பவர் சப்ளைகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் டி.எல். 431 என்ற 2.5 வோல்ட் ஐ.சி. செய்கிறது. இதன் குறுக்கே குறிப்பிட்ட சில அளவுகளில் கெபாசிட்டரைப் போட்டால் வோல்டேஜ் நிலைக்காமல் ஊசலாட ஆரம்பிக்கும். எல்.எம். 1117 என்ற சிறிய ரெகுலேட்டரின் கதை வேறு. அதன் வெளியீட்டுக் கெபாசிட்டரின் ஈ.எஸ்.ஆர். 0.3 ஓமுக்குக் கீழே போகக் கூடாது என்று தயாரிப்பாளரே சொல்கிறார். எனவே சிறிய ரெகுலேட்டர்களின் அருகில் பழையது எந்த வகையோ அதே வகையைப் போடுங்கள்.

வெயிலும் ஆயுளும்

கெபாசிட்டரில் 105 டிகிரி, 2,000 மணி நேரம் என்று இருந்தால் பயப்பட வேண்டாம். வெப்பம் 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஆயுள் ஏறக்குறைய இரு மடங்காகும். 75 டிகிரியில் 16,000 மணி நேரம். தினம் 8 மணி நேரம் ஓடினால் ஐந்தரை ஆண்டு. 65 டிகிரியில் பதினோரு ஆண்டு! சென்னையின் மே மாத வெயிலில் கேபினட்டை மர அலமாரிக்குள் அடைத்து வைக்காதீர்கள். கடல் காற்றின் ஈரத்தோடு விசிறியில் ஒட்டும் தூசியை அவ்வப்போது துடையுங்கள்.

இப்போது வரும் மதர்போர்டுகளில் பெரும்பாலும் திரவம் இல்லாத பாலிமர் கெபாசிட்டர்களே உள்ளன. ஆனால் பவர் சப்ளை, மானிட்டர், மோடத்தின் அடாப்டர் ஆகியவற்றில் பழைய வகை இன்னும் இருக்கிறது. மானிட்டர் விளக்கு கண் சிமிட்டியபடி படம் வராமல் இருந்தால் இதையும் சந்தேகப்படலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். பவர் சப்ளையை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அடுத்து, தானாக ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டரில் ஃபைல் பதிவாகும் நேரத்தில் மின்சாரம் தடுமாறினால் அந்த ஃபைல் கெட்டுப்போகும். ஆகவே சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்பே போட்டோக்களையும் முக்கியமான ஃபைல்களையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள்.