ஸ்டோரில் பழகிய ஆசிட்

எங்கள் ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோருக்கு இரண்டு வாசனை. ஒன்று அமோனியா, மூக்கில் ஏறிக் கண்ணைக் கலங்கடிக்கும். இன்னொன்று ஆசிட், தொண்டையைப் பிடிக்கும். பள்ளி விட்டதும் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோகும் நாங்கள், எந்தச் சாடியில் எது இருக்கிறது என்று மூடியைத் திறந்து மோந்தே சொல்லிவிடுவோம். அதில் எங்களுக்குப் பெருமை வேறு.

பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டம் அது. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறினாலும், பழைய ஆட்கள் வாயில் இன்னும் பெர்ஜுந்தைதான். மரம் வெட்டியவர்கள் வாளியில் கொண்டுவரும் பால் வழியிலேயே உறைந்துவிடாமல் இருக்க அமோனியா. ஸ்டோருக்கு வந்தபின் கட்டியாக உறைய ஆசிட், அதாவது ஃபார்மிக் அமிலம். பால்காட்டில் கடித்து உயிரை வாங்கும் சிவப்பெறும்பு, மலாய்க்காரர்களின் கெரெங்கா, உடம்பில் வைத்திருப்பதும் இதே சரக்குதான். 1671இலேயே ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்பிலிருந்து அதை வடித்தெடுத்தது பற்றி எழுதியிருக்கிறார். ஃபார்மிக் என்ற பெயரே எறும்புக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

ஸ்டோரில் அதைத் தண்ணீர் கலந்து வெகுவாக நீர்க்கச் செய்வார்கள். முதலில் தண்ணீரா, ஆசிட்டா என்று யாரும் கவலைப்பட்டதில்லை. எது கைக்கு முதலில் அகப்படுகிறதோ அது. அம்மாவின் விரல்நுனிகள் வெளுத்துத் தோல் உரிந்திருக்கும். இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். கையுறை என்ற சொல்லை நான் முதலில் கேட்டது இடைநிலைப்பள்ளியில்.

படிவம் 4இல் பட்டணத்துப் பள்ளியின் ஆய்வுக்கூடத்துக்குள், எங்கள் பேச்சில் மக்மாலுக்குள், நுழைந்த முதல் நாள் மற்ற பிள்ளைகள் போத்தல்களுக்கு ஓரடி தள்ளியே நின்றார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள் மூவரும் மேசையில் முழங்கை ஊன்றி நின்றோம். ஆசிட் தெரியாதா எங்களுக்கு?

சில வாரம் கழித்து, ஆசிரியர் பின்னறைக்குள் போன நேரம், அடர் சல்பியூரிக் அமிலம் இருந்த சிறு முகவையில் நான் தண்ணீரை ஊற்றினேன். ஸ்டோரில் பார்த்த பழக்கம். சுர்ரென்று சத்தம், கண்ணாடி கை தாங்காத சூடு, துளிகள் தெறித்து முன்கையில் விழுந்தன. ஓடிவந்த ஆசிரியர் ஒரு வார்த்தை திட்டவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப்போய்க் குழாயடியில் கையை வைத்தார். போதும் சார் என்று நான் சொல்லச் சொல்ல விடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சட்டையில் அன்றைக்கு ஒன்றுமே தெரியவில்லை. அம்மா துவைத்துப் பிழிந்தபோதுதான் கையில் சல்லடையாக வந்தது. பள்ளிச் சட்டை எனக்கு இரண்டே இரண்டு. ஆக, திட்டு வீட்டில் கிடைத்தது.

ஏன் தெறித்தது என்பதை ஆசிரியர் மறுநாள் கரும்பலகையில் வரைந்து காட்டினார். சல்பியூரிக் அமிலம் தண்ணீரைப்போல் ஏறக்குறைய 1.84 மடங்கு கனம். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் மேலேயே நிற்கும். இரண்டும் தொடும் இடத்தில் கிளம்பும் வெப்பத்தில் அந்தக் கொஞ்சத் தண்ணீர் நொடியில் கொதித்து அமிலத்தையும் இழுத்துக்கொண்டு தெறிக்கும். மாறாக, நிறைய தண்ணீரில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கினால் அது கீழே இறங்கிக் கரையும். வெப்பத்தைத் தண்ணீர் முழுவதும் வாங்கிக்கொள்ளும். ஃபார்மிக் அமிலம் தண்ணீரோடு சேரும்போது இந்த அளவு சூடாவதில்லை. ஸ்டோரில் தப்பித்தோம் என்றால் அது அந்த ஆசிட்டின் குணம். எங்கள் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை.

இன்னொரு சங்கடம் லேபிள். ஆறு வருடம் தமிழில் அறிவியல் படித்துவிட்டு, புகுமுக வகுப்பில் ஒரு வருடம் மலாய் தேற்றிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். போத்தலில் 'மெங்ஙாக்கிஸ்' என்றிருக்கும். அரிக்கும் என்று பொருள். எங்களுக்கு அது ஏதோ ஒரு கம்பெனிப் பெயர் மாதிரி இருந்தது. 'பெராச்சுன்' மட்டும் உடனே புரிந்தது. தோட்டத்தில் மருந்தடிக்கும் திரவத்துக்கு ராச்சுன் என்பதுதானே பெயர். பிறகு 2003இல் அறிவியல் ஆங்கிலத்துக்குப் போனது, பின்னாளில் படிப்படியாகத் திரும்பியது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் எச்சரிக்கைச் சொல் மாறியது. மொழி தெரியாதவருக்கும் புரியும் சிவப்புச் சாய்சதுரப் படங்களை லேபிளில் கட்டாயமாக்கிய விதிகள் மலேசியாவில் வந்தது 2013இல்தான். குழாயிலிருந்து துளி விழுந்து கை அரிக்கும் அந்தப் படம் என் காலத்தில் இருந்திருந்தால் அம்மாவின் கை என்றே நினைத்திருப்பேன்.

லேபிளே இல்லாத போத்தல் இன்னும் மோசம். எங்கள் கோல சிலாங்கூர் வட்டாரத்துக்கு இதில் ஒரு கதை உண்டு. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இங்கே தென்னமரத்தில்தான் போடப்பட்டது. போட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். ரப்பர் போய்ச் செம்பனை வரவர, ஆசிட் சாடியின் இடத்துக்குப் பாராகுவாட் என்ற களைக்கொல்லி வந்தது. பாராகுவாட்டை முதுகில் சுமந்து அடித்தவர்களில் பாதிக்கு மேல் நம் பெண்கள் என்றுதான் என் கண்ணுக்குப் பட்டது. மிச்சத்தைப் பானப் போத்தலில் ஊற்றி வீட்டுக் கொல்லைப்புறத்தில் வைப்பார்கள். பாராகுவாட்டின் இயல்பான நிறம் கோப்பி ஓ மாதிரி. ஒரு மிடறு போனால் மாற்று மருந்து கிடையாது. நுரையீரல் நாள்கணக்கில் இறுகும். தெரியாமல் குடித்தவர்கள் உலகெங்கும் உண்டு. அதனால்தான் பின்னாளில் நீலச் சாயமும் நாற்றமும் வாந்தி மருந்தும் அதில் சேர்த்தார்கள். இங்கே அரசு 2002இல் தடை என்றது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1இல் ஒருவழியாக முழுத் தடை வந்தது.

அதனால் ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் லேபிள் உரிந்த போத்தலை எடுத்துத் தனியே வைத்ததை வெறும் சுத்தபத்தம் என்று நினைக்க என்னால் முடிவதில்லை. மோந்து பார்க்காதே, கையால் விசிறி வாசனையை உன் பக்கம் வரவை என்று அவர் சொன்னபோது நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிப்பெட்டை வாயால் உறிஞ்சாதே என்றதும் அப்படித்தான். மோட்டார்சைக்கிள் டாங்கியிலிருந்து குழாய் விட்டு வாயால் பெட்ரோல் இழுத்த பிள்ளைகள் நாங்கள்.

சடை விஷயத்தில் அவர் ஈவிரக்கம் பார்க்கமாட்டார். எண்ணெய் வழிய இரட்டைச் சடை போட்டு வரும் நம் பெண்பிள்ளைகள் அதைச் சுருட்டிக் கொண்டையாகக் கட்டாமல் புன்சன் விளக்குப் பக்கம் போகமுடியாது. அந்த விளக்குக்குப் பெயர் தந்த புன்சனே சோதனை வெடிப்பில் ஒரு கண்ணைப் பறிகொடுத்தவர் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம். துணி விஷயத்திலும் அவர் அதே கண்டிப்பு. அதன் கனம் எனக்கு வெகுகாலம் கழித்துப் புரிந்தது. 2008 டிசம்பர் 29 அன்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாக ஆய்வகத்தில், காற்றுப் பட்டாலே பற்றும் ஒரு திரவம் ஷெரி சாங்ஜி என்ற 23 வயதுப் பெண்ணின் மேல் கொட்டியது. மேலங்கி போட்டிருக்கவில்லை, செயற்கை இழை ஸ்வெட்டர் எரிந்து உருகியது. 18 நாள் கழித்து இறந்தார். படித்த இடத்திலேயே அப்படி.

சில சமயம் ஆபத்து வகுப்புக்கு வெளியிலிருந்து வரும். 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ ரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஆற்றங்கரைப் பள்ளிகளில் பிள்ளைகள் மூச்சுத் திணறிச் சரிந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். 111 பள்ளிகளை மூடினார்கள்.

இப்போது பெர்ஜுந்தைப் பக்கம் பால்மரத்தைத் தேடிப் போய்த்தான் பார்க்கவேண்டும். என் மகள் படிவம் 5. பால் உறையும் சோதனை அவள் பாடத்தில் இருக்கிறது. இரண்டு முகவையில் பால், ஒன்றில் ஆசிட், மற்றதில் அமோனியா, எது உறைகிறது பார். பால் துகளைச் சுற்றியுள்ள புரதத்தில் எதிர்மின்னூட்டம், ஆசிட் அதைச் சமன்செய்ததும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் என்று வீட்டில் ஒப்பித்தாள். கண்ணாடி போட்டோம், கையுறை போட்டோம் என்று பாட்டியிடம் விரலை விரித்துக் காட்டினாள்.

அம்மா அந்த விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆசிட்ட ஊத்துனதும் கலக்குனியாம்மா?"

"கொஞ்சம் கலக்கினேன் பாட்டி."

"கொஞ்சம் பத்தாது. அடிவரைக்கும் கலக்கணும். நுரைய வழிச்சி எடுத்துப்புடணும். இல்லன்னா ஒரு பக்கம் கட்டியா நிக்கும், ஒரு பக்கம் பாலா நிக்கும். கிராணி எடை போடமாட்டான்."