பெயரும் பேரேடும்

மளிகைக் கடையில் மாதக் கணக்கு வைத்திருந்த குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு செய்தி நினைவிருக்கும். கணக்கு நோட்டு ஒன்றன்று, இரண்டு. ஒன்று கடைக்காரரின் மேசையில் இருக்கும். மற்றொன்று நம் வீட்டு அலமாரியில் இருக்கும். கால்படி நல்லெண்ணெய் வாங்கினாலும் இரண்டிலும் எழுதுவார்கள். மாதக் கடைசியில் என் தந்தையார் இரண்டையும் அருகருகே விரித்து, வரிக்கு வரி விரல் வைத்துப் பார்ப்பார். வாங்காத வெல்லம் பற்றில் ஏறியிருந்தால் அங்கேயே அடித்துத் திருத்துவார்கள். அதனால் கடைக்காரருக்கும் மனக்கசப்பு இல்லை, எங்களுக்கும் இல்லை.

இன்று நம் ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதப்படும் பேரேடு ஒன்று உண்டு. அதன் இரண்டாம் நோட்டு நம் வீட்டில் இல்லை. எழுதுவோர் நம்மைக் கண்டவரல்லர்; அதைப் படித்து நமக்குக் கடன் உண்டு, இல்லை என்று கூறுவோரும் பெரும்பாலும் நம்மை அறியாதவரே. கடன் தகவல் நிறுவனங்கள் வைத்திருக்கும் அந்த ஏட்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். மாணவ நேயர்கள், "நமக்கு ஏது கடன்?" என்று இருந்துவிட வேண்டா. கல்விக் கடன் பெற்ற அன்றே, தவணையில் ஒரு கைப்பேசி வாங்கிய அன்றே, உங்கள் பெயரில் அங்கே ஒரு பக்கம் திறக்கப்படுகிறது.

இவ்வழக்கம் அமெரிக்காவில் வளர்ந்தது. நியூயார்க்கில் பட்டு வணிகம் செய்த லூயிஸ் டப்பன் என்பவர், 1837ஆம் ஆண்டுப் பண நெருக்கடியில் கையைச் சுட்டுக்கொண்டவர். அவர் 1841இல் ஒரு முகமையைத் தொடங்கினார். ஊர்தோறும் வழக்கறிஞர் முதலியோரை அமர்த்தி, இன்ன வணிகர் நாணயமானவரா, குடிப்பவரா, கடன்பட்டவரா என்று கேட்டறிந்து பெரிய ஏடுகளில் எழுதி வைத்தார். 1899இல் அட்லாண்டா நகரில் பிறந்த மற்றொரு நிறுவனம் தனி மனிதரைப் பற்றியும் இவ்வாறே எழுதலாயிற்று. அண்டை வீட்டார் சொன்ன வம்பும் அதில் இடம்பெற்றது. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் உரிமை எழுதப்பட்டவனுக்கு 1970இல்தான் நாடு முழுமைக்குமான சட்டத்தால் கிடைத்தது. அட்லாண்டா நிறுவனம் 1975இல் தன் பெயரை எக்விஃபாக்ஸ் என்று மாற்றிக்கொண்டது.

நம் நாட்டில் முதல் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அமைந்தது. அதன் சுருக்கப்பெயர் சிபில். படி எடுப்பதையெல்லாம் ஜெராக்ஸ் என்று சொல்லிப் பழகியதுபோல, இந்த ஏடு முழுவதையுமே மக்கள் சிபில் என்கிறார்கள். உண்மையில் இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் உள்ளன. 2005ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றை ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் வைத்திருக்கிறது.

ஏட்டில் என்ன இருக்கும்? முதலில் நீங்கள் யார் என்பது: பெயர், பிறந்த நாள், பான் எண், முகவரிகள், தொலைபேசி எண்கள். அடுத்து உங்கள் கடன்கள்: எப்போது வாங்கினீர்கள், எவ்வளவு, மீதி எவ்வளவு, ஒவ்வொரு மாதமும் எத்தனை நாள் தாமதம் என்ற விவரங்கள். மூன்றாவது, எந்த வங்கி எந்த நாளில் உங்கள் ஏட்டைக் கேட்டுப் பார்த்தது என்பது. இவற்றிலிருந்து 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண்ணைக் கணக்கிடுகிறார்கள். எல்லாரும் அந்த மதிப்பெண்ணையே பார்த்து மகிழ்கிறார்கள் அல்லது வருந்துகிறார்கள். நானோ முதற்பகுதியையும் மூன்றாம் பகுதியையும்தான் முதலில் படிப்பேன். முன்பின் அறியாத முகவரியும், நாம் என்றும் அணுகாத வங்கியின் விசாரணையும் அங்கேதான் தலைகாட்டும். யாரோ நம் பெயரில் கடன் கேட்டிருந்தால் முதல் தடயம் அதுவே.

பிழைகளில் பெரியது பெயர்ப் பிழை. தமிழர்க்கு இது மிகுதி. நமக்குக் குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. அதை ஒரு வங்கி முன்னால் எழுதும், மற்றொன்று பின்னால் எழுதும், வேறொன்று முழுப்பெயராக விரித்து எழுதும். ஒரே ஊரில் நான்கு மு. செல்வராசுகள் இருப்பது நமக்கு வியப்பன்று. கணிப்பொறிக்கு அது பெருங்குழப்பம்.

குழப்பம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கலிபோர்னியாவில் 2011இல் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஒருவர் மனைவியுடன் கார் வாங்கச் சென்றார். கடைக்காரர் டிரான்ஸ்யூனியனிடமிருந்து அவருடைய அறிக்கையை வரவழைத்தார். பயங்கரவாதிகள், போதைப்பொருள் கடத்துவோர் முதலியோருடன் வாணிகம் கூடாது என்று அரசு வெளியிடும் பட்டியலில் அவர் பெயர் ஒத்திருப்பதாக அதில் கண்டிருந்தது. கடைக்காரர் அவருக்கு விற்க மறுத்தார். மனைவியின் பெயரில் கார் வாங்கினார்கள். நிறுவனம் ஒப்பிட்டது முதற்பெயரையும் கடைசிப் பெயரையும் மட்டுமே; பிறந்த நாளைக்கூடப் பார்க்கவில்லை. இதே போலக் குறிக்கப்பட்டவர்கள் 8,185 பேர் என்று வழக்கில் தெரியவந்தது. அவர்களுள் 1,853 பேருடைய அறிக்கைகள் மட்டுமே பிறர் கைக்குச் சென்றிருந்தன. அந்த 1,853 பேருக்கே அப்பிழைக்காக வழக்காடும் தகுதி உண்டென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது; மற்றவர்களின் பிழை பெட்டிக்குள்ளேயே கிடந்ததால் கேடு விளையவில்லையாம். இத்தீர்ப்பு எனக்கு உடன்பாடன்று. ஆயினும் பெட்டிக்குள் கிடக்கும்போதே பிழையைக் கண்டுகொள்வது நல்லதென்பதை மறுக்க முடியுமா?

நான் அவ்வாறு கண்டுகொள்ளவில்லை. 2024 ஜூன் மாதம் என் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்விக் கடனில் நானும் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும். வங்கி மேலாளர் என் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "ஐயா, மோட்டார் சைக்கிள் கடனில் எட்டுத் தவணை நிற்கிறதே" என்றார். எனக்குச் சைக்கிள் தவிர வேறொன்றும் ஓட்டத் தெரியாது. கடன் பொள்ளாச்சியில் வாங்கப்பட்டது; அவ்வூரை நான் பார்த்ததுமில்லை. என் பெயரும் என் தந்தையின் முதலெழுத்தும் கொண்ட வேறொருவருடைய கடன் என் பக்கத்தில் வந்து அமர்ந்திருந்தது.

திருத்துவது எப்படி என்பதை அப்போதுதான் கற்றேன். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் வாங்கி, சுவடிகளை ஒப்புநோக்குவதுபோல் வைத்துப் பார்த்தேன். இரண்டில் பிழை இருந்தது, இரண்டில் இல்லை. நம் அறிக்கையை நாமே வாங்கினால் மதிப்பெண் குறையும் என்று ஒருவர் அச்சுறுத்தினார், அது பொய். பிழையான வரியைச் சுட்டி, என் பான் எண்ணையும் பிறப்புச் சான்றையும் இணைத்து, இரு நிறுவனங்களுக்கும் கடன் கொடுத்த நிதி நிறுவனத்துக்கும் எழுதினேன். ஏட்டை வைத்திருப்பவர் தாமாகத் திருத்த இயலாது. அவர் படியெடுப்பவர், மூலம் கடன் கொடுத்தவரிடம் இருக்கிறது. கடன் கொடுத்தவர் "ஆம், பிழை" என்று சான்று தந்த பிறகே திருத்தலாம் என்பது சட்டம். ஆகையால் இரு கதவுகளையும் ஒருங்கே தட்ட வேண்டும். கடன் கொடுத்தவர் 21 நாட்களுக்குள் திருத்திய தகவலை அனுப்ப வேண்டும்; எல்லாம் 30 நாட்களுக்குள் முடிய வேண்டும். அதற்குமேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் ஆணையிட்டது. 2024 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. பதிலே வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

என் ஏடு 42ஆம் நாள் திருந்தியது. 1,200 ரூபாய் என் கணக்கில் வந்தது. ஆனால் கல்லூரிக் கட்டணத்துக்கு 20ஆம் நாளே கடைசி. என் மனைவியின் சங்கிலியை அடகு வைத்தோம். வட்டி அந்த 1,200ஐ விழுங்கி மேலும் கேட்டது.

மாணவர்க்கு இதில் வேறோர் அக்கறையும் உண்டு. மதிப்பெண் குறைவு என்ற ஒன்றே காரணமாகக் கல்விக் கடனை மறுத்தல் ஆகாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2023 மே மாதம் கூறியது. ஆனால் வேலை வேறு. பொதுத்துறை வங்கியொன்று, பணிக்குத் தேர்ந்தெடுத்த ஒருவரின் கடன் வரலாறு சரியில்லை என்று அவருடைய நியமனத்தை நீக்கியது. அவர் வழக்குத் தொடுத்தார். விண்ணப்பம் கோரிய அறிவிப்புக்கு முன்பே கடன்களை அடைத்துவிட்டதாக வாதிட்டார். சென்னை உயர்நீதிமன்றம் 2025 ஜூனில் வங்கியின் முடிவே செல்லும் என்றது. அவருடைய ஏட்டில் பிழை என்று வழக்கில்லை, எழுதியிருந்தது உண்மையே. உண்மைக்கே இவ்வளவு விலையானால், பிறன் செய்த தவறு நம் பக்கத்தில் கிடந்தால் என்னாவது?

இப்போது ஆண்டுதோறும் தைப் பொங்கல் கழிந்ததும் நான்கு அறிக்கைகளையும் வரவழைத்து, என் தந்தையார் செய்ததுபோல் விரல் வைத்துப் படிக்கிறேன். என் மகளும் உடன் அமர்ந்து தன்னுடையதைப் படிக்கிறாள். சென்ற முறை கடன்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் ஒரு நிறுவனத்தின் முகவரிப் பகுதியில் மட்டும், நான் காணாத அந்தப் பொள்ளாச்சி வீடு இன்னும் என் வீடாகவே இருந்தது. மீண்டும் எழுதியிருக்கிறேன்.