விலா எலும்பில் வெட்டிய பாட்டு

பழைய எக்ஸ்ரே படம் ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முகம் தெரியாத யாரோ ஒருவரின் விலா எலும்புகள் வரிவரியாகத் தெரியும். அதை வட்டமாகக் கத்தரித்து, நடுவில் சிகரெட் நெருப்பால் ஓட்டை போட்டு, கிராமபோனில் சுழலவிட்டால் டாங்கோ பாட்டு கேட்கும் என்றால் நம்புவது கடினம். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு லெனின்கிராட் நகரத்தில் அப்படித்தான் பாட்டுக் கேட்டார்கள். ஜாஸ் இசை, நாட்டைவிட்டுப் போன ருஷ்யப் பாடகர்களின் குரல் என்று அரசாங்கம் கண்ணில் காட்டாமல் வைத்திருந்ததெல்லாம் இந்தத் தட்டுகளில் கிடைத்தது. தெருமுனையில் வாங்கி, மேல்கோட்டுக்குள் செருகிக்கொண்டு போவார்கள். சரக்கின் பெயரே ‘விலா எலும்பு’தான்.

இது தொடங்கியது 1946 வாக்கில். நெவ்ஸ்கி சாலையில் ஸ்தானிஸ்லாவ் ஃபிலோன் என்பவர் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். போரில் கைப்பற்றி வந்த ஜெர்மானிய டெலிஃபுங்கன் இயந்திரம் அங்கே இருந்தது. வாடிக்கையாளர் வந்து பேசினால் அந்தப் பேச்சைத் தட்டில் வெட்டி நினைவுப்பொருளாகக் கொடுப்பது பகல்நேரத் தொழில். கடை அடைத்த பிறகு வெட்டியது அந்த மறைத்துவைத்த பாட்டுகளை. அங்கே வந்துபோன ருஸ்லான் பகஸ்லோவ்ஸ்கி என்ற இளைஞர் இயந்திரத்தைக் கூர்ந்து பார்த்தார், அளவெடுத்தார், நூலகத்தில் உட்கார்ந்து படித்தார், கடைசியில் தனக்கென்று ஒன்றைச் செய்துகொண்டார். தட்டுக்கான பிளாஸ்டிக்குக்கு எங்கே போவது? மருத்துவமனைகள் கழித்துப்போட்ட எக்ஸ்ரே படங்கள் இருந்தன. 1950இல் அவரைச் சிறையில் போட்டார்கள். ஸ்டாலின் இறந்த 1953இல் வெளியே வந்தார். வந்ததும் மறுபடி இயந்திரம் செய்தார்.

இந்தக் கதையைத் தணிக்கையை எதிர்த்த வீரக்கதையாகச் சொல்வதே வழக்கம். எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. அரசாங்கமோ பெரிய கம்பெனியோதான் செய்யமுடியும் என்று நாம் நினைக்கும் ஒரு பொருளை, கையில் காசில்லாத ஒருவர் பார்த்துப் பார்த்தே செய்துவிட்டார். அப்படியானால் அந்த இயந்திரம் உள்ளுக்குள் எவ்வளவு எளிமையாக இருக்கவேண்டும்!

எளிமைதான். குயவர் சக்கரம் சுழல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஈரக் களிமண் தட்டு. ஒரு ஈர்க்குச்சியை ஓரத்தில் ஊன்றி, மிக மெதுவாக நடுவை நோக்கி நகர்த்துகிறீர்கள். சுருள்சுருளாக ஒரே கோடு விழும். இப்போது குச்சியைப் பிடித்த கை நடுங்கினால் கோடும் நடுங்கும். அந்த நடுக்கம் ஒருவருடைய குரலின் நடுக்கமாக இருந்துவிட்டால் அதுவே இசைத்தட்டு. குச்சியை நகர்த்துவது லீட் ஸ்குரு என்னும் நீளத் திருகு, நடுங்கவைப்பது வெட்டுத்தலை. வெட்டுத்தலை என்றால் ஒலிபெருக்கியின் தம்பி. ஒலிபெருக்கியில் காகிதக் கூம்பு அசையும், இதில் ஊசி அசையும். அவ்வளவுதான் வேறுபாடு.

கடினமெல்லாம் அளவில் இருக்கிறது. 12 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும்போது, ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்கு ஏறக்குறைய 50 செ.மீ. ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் கீச்சொலியின் ஒரு அலை அங்கே 0.05 மி.மீ. நீளம். நம் தலைமுடியின் தடிமன் அது. நடுவை நெருங்க நெருங்கச் சுற்று சிறுத்து, அதே அலை 0.02 மி.மீ.க்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்காரவேண்டும். எல்பி தட்டின் கடைசிப் பாட்டு சற்று மங்கலாகக் கேட்பதற்குப் பெரிய காரணம் இதுதான். எனவே இன்று வீட்டில் தட்டு வெட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் லேபிள் வரைக்கும் இழுக்காமல் முன்னாலேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

மிருதங்கத்தில் தொப்பி என்னும் தாழ்ந்த ஒலிப் பக்கம் வேறொரு தொல்லை தரும். ஊசி ஒரே வேகத்தில் அசைகிறது என்றால், 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது 1,000 ஹெர்ட்ஸுக்கு அசைவதைவிடப் பத்து மடங்கு அகலமாக ஆடும். கனத்த ஒலி வந்ததும் ஊசி பக்கத்து வரிக்குள் போய் விழும். ஆகவே வெட்டும்போதே தாழ்ந்த ஒலியைக் குறைத்து, உச்ச ஒலியைக் கூட்டி அனுப்புகிறார்கள். கேட்கும்போது ஆம்ப்ளிஃபையர் அதை நேர்மாறாகத் திருப்பிவிடும். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்த காலம் 1954இல் முடிந்தது. அந்த ஆண்டு வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவின்படி, 1,000 ஹெர்ட்ஸை அளவுகோலாக வைத்தால் 20 ஹெர்ட்ஸ் ஒலி பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது, 20,000 ஹெர்ட்ஸ் ஒலி பத்து மடங்காக உயர்கிறது. இதற்கென்று பெட்டி வாங்கவேண்டியதில்லை. கணினியில் உள்ள ஒலித்திருத்தி மென்பொருளிலேயே செய்துகொள்ளலாம். லெனின்கிராட்காரர்களுக்கு இல்லாத வசதி இது.

கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொண்டு பழைய இயந்திரம் தேடுகிறவர் பெர்லின் நோய்மன் கம்பெனியின் இயந்திரத்தின் பக்கம் போகவே வேண்டாம். அது வீடு வாங்குகிற விலை. அமெரிக்காவில் 1930களிலும் 40களிலும் பிரெஸ்டோ கம்பெனி பெட்டிக்குள் அடங்கும் இயந்திரங்களை வானொலி நிலையங்களுக்கும் பள்ளிகளுக்கும் விற்றது. வில்காக்ஸ்-கே கம்பெனியின் ரிக்கார்டியோ அதைவிட மலிவு. வரவேற்பறையில் வைத்துக் குழந்தையின் மழலையைத் தட்டில் பிடிப்பதற்காகச் செய்தது. டேப் வந்ததும் இவையெல்லாம் பரணுக்குப் போயின. இன்று விற்பனைக்கு வருவது அந்தப் பரண் சரக்குதான்.

அந்தக் காலத்தில் காசு கொடுத்தால் ஒரே ஒரு தட்டு வெட்டிக்கொடுக்கும் கூடங்களும் இருந்தன. 1953 கோடையில் மெம்பிஸ் நகரத்துக் கூடம் ஒன்றில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் சுமார் 4 டாலர் கொடுத்து இரண்டு பாட்டுப் பாடித் தட்டை வாங்கிப்போனான். பெயர் எல்விஸ் பிரெஸ்லி. அந்தத் தட்டு 2015இல் 3,00,000 டாலருக்கு ஏலம் போயிற்று.

பழைய இயந்திரத்தை ஓடவிட்டுக் காட்டி, ‘பாருங்கள், நன்றாகச் சுற்றுகிறது’ என்பார்கள். சுற்றுவது பெரிய விஷயமில்லை. முதலில் பார்க்கவேண்டியது தலை. மலிவான இயந்திரங்கள் பலவற்றில் தலைக்குள் இருப்பது ரோஷல் உப்பு என்னும் படிகம். மின்சாரம் பாய்ந்தால் வளையும். அந்த வளைவுதான் ஊசியை ஆட்டுகிறது. ஆனால் அது உப்பு. ஈரம் பட்டால் கரையும், சூடு பட்டால் இளகும். சென்னைக் கடற்காற்றில் நம் சமையலறை உப்பே என்ன பாடு படுகிறது என்று தெரியும். எண்பது ஆண்டுப் படிகத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். காந்தத் தலை கிடைத்தால் அதுதான் மேல். அதிலும் ஊசித்தண்டை அணைத்து நிற்கும் ரப்பர் இறுகிக் கல்லாகியிருக்கும், அதைப் பிரித்து மாற்றிவிடலாம். தட்டைச் சுழற்றும் ரப்பர்ச் சக்கரத்துக்கும் இதே நோய், இதே மருந்து. மாற்றாமல் விட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டொக்’ பாட்டுக்குள் பதியும்.

தேய்ந்த லீட் ஸ்குருவுக்கு வெளிநாட்டில் தேடவேண்டியதில்லை. இந்த இயந்திரத்தின் ஆங்கிலப் பெயரே லேத் என்பதுதான். பட்டறையில் இரும்பைக் கடைவதும் லேத், இங்கே ஒலியைக் கடைவதும் லேத். கோயம்புத்தூரில் அளவு சொன்னால் கடைந்து கொடுத்துவிடுவார்கள்.

அடுத்தது தட்டு. தொழில்முறைத் தட்டு ‘அசிடேட்’ என்ற பெயரில் திரிகிறது, பெயர் தவறு. அலுமினியத் தகட்டின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் அரக்குப் பூச்சு அது. பூச்சு வெடித்துப்போகாமல் மென்மையாக இருக்கப் பழைய தட்டுகளில் என்ன கலந்தார்கள் தெரியுமா? நம்முடைய விளக்கெண்ணெய். வயதான தட்டுகளின்மேல் வெண்மாவு பூத்திருப்பதைப் பார்த்துப் பூஞ்சை என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அது விளக்கெண்ணெய் சிதைந்து வெளியே கசிந்த கொழுப்பமிலம். போர்க்காலத்தில் அலுமினியம் விமானத்துக்குப் போனதால் கண்ணாடித் தகட்டில் பூசினார்கள். அவை கைதவறினால் தீர்ந்தது.

புது அரக்குத் தட்டு விலை அதிகம். பழகுகிறவருக்கு அதெல்லாம் எதற்கு? வீட்டில் யாரும் சீண்டாத சிடிகள் கிடக்கும். 1.2 மி.மீ. பாலிகார்பனேட். அதில் நூலாக உரித்தெடுத்து வெட்டுவது சிரமம், ஆனால் மழுங்கிய ஊசியால் அழுத்திப் பள்ளம் பதிக்கலாம். 1940களில் அலுவலகக் கடிதங்களைச் சொல்லிப் பதிய வந்த சவுண்ட்ஸ்கிரைபர் இயந்திரம் இப்படித்தான் வேலை செய்தது. கரகரப்பு இருக்கும். இரைச்சலுக்கு அடியில் குரல் இருக்கும். முதல்முறை கேட்கும்போது அந்தக் கரகரப்பைப்பற்றி யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

ஒரு கணக்கு. 7 அங்குலத் தட்டில் பள்ளம் போட உருப்படியாக ஓர் அங்குலமும் சொச்சமும்தான் கிடைக்கும், 1.3 அங்குலம் என்று கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 100 வரி என்றால் 130 சுற்று. 78 வேகத்தில் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். 45இல் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பல்லவி அனுபல்லவியோடு நிறுத்திக்கொள்ளவேண்டியதுதான். ஸ்டீரியோ ஆசையும் ஆகாது. பள்ளத்தின் இரு சுவர்களில் இரு ஒலிகளை எழுதும் உபாயத்தை ஆலன் பிளம்லைன் 1931லேயே காப்புரிமைக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் அதற்கு ஒரே ஊசியை இரண்டு விசைகள் ஆட்டவேண்டும். அப்படிப்பட்ட தலை மலிவாகக் கிடைக்காது. மோனோவில் தொடங்குங்கள்.

எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறோம் என்று பார்க்க ஓர் அழகான குறுக்குவழி இருக்கிறது. ஊசிமுனை ஏறக்குறைய 90 பாகை. அப்படியானால் பள்ளத்தின் அகலத்தில் பாதி அதன் ஆழம். ஆழத்தை அளக்க முடியாது, அகலத்தை மேலிருந்து பார்க்கலாம். கணினியில் செருகும் மலிவான நுண்ணோக்கி போதும். எல்பி வகைப் பள்ளம் 0.06 மி.மீ. அகலம் தெரிந்தால் ஆழம் 0.03. எட்டாம் வகுப்பு வடிவியல் இவ்வளவு தூரம் உழைப்பதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

இவ்வளவு அலைச்சலும் வேண்டாம் என்பவர்களுக்கு, யூரி சுஸுகி வடிவமைத்து ஜப்பானில் கக்கென் நிறுவனம் வெளியிட்ட பொம்மை இயந்திரம் இருக்கிறது. கைப்பேசியைச் செருகினால் 5 அங்குலத் தட்டில் பதிந்து தரும். சுமார் 8,000 யென்னுக்கு வந்தது. ஒலித் தரம் பொம்மைத் தரம்தான். ஆனாலும் பழைய பிரெஸ்டோவில் பணத்தை இறக்குவதற்கு முன் இதில் பத்துத் தட்டைக் கெடுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம் என்பேன்.

அரக்குத் தட்டு வரைக்கும் வந்துவிட்டவர்களுக்குக் கடைசியாக ஒன்று. எல்பி தட்டின் ஒரு பக்கத்துப் பள்ளத்தை இழுத்து நீட்டினால் 400 மீட்டருக்கு மேல் வரும். வெட்டும்போது அந்த நீளத்துக்கும் முடிபோன்ற கருநூல் உரிந்து வந்துகொண்டே இருக்கும். ஊசியில் சிக்காமல் தூரிகையால் நடுவுக்குத் தள்ளித் தள்ளிச் சேர்க்கவேண்டும். நைட்ரோசெல்லுலோஸ் வெடிபஞ்சுக்கு நெருங்கிய உறவு. 2020 தொடக்கத்தில் உலகத்தில் இந்தத் தட்டுகளைச் செய்துகொண்டிருந்தவை இரண்டே தொழிற்சாலைகள். அதில் ஒன்று, கலிஃபோர்னியாவின் அப்பல்லோ மாஸ்டர்ஸ், அந்தப் பிப்ரவரியில் எரிந்தே போயிற்று. ஆகவே சேர்த்த நூலை அப்போதைக்கப்போது தண்ணீர் வாளியில் போட்டுவிடுங்கள். பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கவேண்டாம்.